சதக்குத்தம்பி இருக்கும் கல்

சதக்குத்தம்பி மரகதத்துக்குள் போன தினத்தில் தோணிப்பட்டினத்தில் வேறு விசேஷம் எதுவும் இல்லை. மீன் வரத்து சுமார். கொழும்பிலிருந்து இரண்டு பேர் வந்திருந்தார்கள், ஹாங்காங்குக்கு மூன்று பேர் புறப்பட்டிருந்தார்கள். பிற்பகல் அஸர் பாங்குக்குக் கொஞ்சம் முன்னால் செய்னம்பு தன் கணவருக்கு இஞ்சித் தேநீர் எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். கல் வியாபாரிகள் எல்லோரையும் போல அவரும் வடக்கு ஜன்னல் வெளிச்சத்தில்தான் கல் பார்ப்பார். ஜன்னலோர நாற்காலி காலியாக இருந்தது, மேசைமேல் லென்ஸ் லேசாக உருண்டு ஆடிக்கொண்டிருந்தது, வெள்ளைக் காகிதத்தின் நடுவில் பம்பாயில் வாங்கிய பாக்களவு மரகதம் தன்பாட்டுக்குப் பச்சையாக உட்கார்ந்திருந்தது. மூன்று நாளாக அவர் அதைக் கீழே வைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். செய்னம்பு தேநீரை வைத்துவிட்டு, ஆடிய லென்ஸை நிறுத்தி, கண்ணில் வைத்துக் குனிந்தாள். உள்ளே, அரை அரிசி உயரத்தில், வெள்ளைச் சாரமும் பனியனுமாக, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு அவர் உலாவிக்கொண்டிருந்தார்.

மரகதத்தைப் பற்றி உலகம் நிறையச் சொல்லியிருக்கிறது. அதில் பாதி பொய், மீதியில் பாதி வியாபாரம். ஓர் அசுரனின் பித்தநீர் சிந்தி உறைந்தது என்றன நம்முடைய ரத்தின சாத்திரங்கள். அதைக் கண்டால் பாம்புக்குக் கண் அவிந்துபோகும் என்றார்கள் மேற்கே இருந்த அறிஞர்கள், பாம்பிடம் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. எகிப்தின் பாலைக் குன்றுகளில் அடிமைகள் தோண்டினார்கள், பிறகு ஸ்பெயின்காரர்கள் கடல் தாண்டிப் போய் வேறொரு கண்டத்து மலைக்காரர்களைக் கொன்று அவர்களுடைய கல்லை எடுத்துவந்தார்கள், அந்தக் கல்லை தில்லி பாதுஷாக்கள் வாங்கி அதன்மேல் இறைவசனம் செதுக்கிப் புஜத்தில் கட்டிக்கொண்டார்கள். பச்சை ஏறுவதற்கு வேண்டிய சரக்கும் கல்லாவதற்கு வேண்டிய சரக்கும் பூமிக்குள் ஒன்றையொன்று சந்திப்பதே அபூர்வம். மலைகள் முட்டி நொறுங்குகிற இடத்தில்தான் பெரும்பாலும் சந்திக்கின்றன, ஆகவே பிறக்கும்போதே அது விரிசலோடு பிறக்கிறது. வைரத்தில் விரிசல் இருந்தால் முகம் சுளிக்கிற வியாபாரிகள், மரகதத்தில் இருந்தால் தோட்டம் என்று பெயர் வைத்துக் கொண்டாடுகிறார்கள். பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கிவைத்த சாமர்த்தியம் அது. லென்ஸ் வைத்துப் பார்த்தால் உண்மையிலேயே பாசியும் கொடியும் கிளையுமாகத்தான் தெரியும். சதக்குத்தம்பி அந்தத் தோட்டத்துக்குள்தான் போயிருந்தார்.

செய்னம்புவின் தம்பி உவைஸும் கல் வியாபாரிதான். அவன் வந்து அரைமணி நேரம் பார்த்தான்.

"லாத்தா, மச்சானேதான்."

"அது எனக்குத் தெரியாதா? எப்படி வெளிய எடுக்குறது?"

உவைஸ் லென்ஸைத் துடைத்துப் பையில் வைத்தான். "மரகதத்துக்குள்ள இருக்குறதை வெளிய எடுக்கணும்னா கல்லை உடைக்கணும். உடைச்சா அது எந்த வழியாப் பிளக்கும்னு யாருக்கும் தெரியாது. மச்சான் நடுவுல நிக்கிறாஹ."

கல்லை உடைப்பதைப் பற்றி அந்த வீட்டில் அதற்கப்புறம் யாரும் பேசவில்லை.

வேறு ஊராக இருந்தால் பத்திரிகைக்காரன் வந்திருப்பான். தோணிப்பட்டினம் நூறு வருஷமாகக் கணவன்மார் இல்லாத ஊர். பெண்கள் தங்கள் தாய்வீட்டிலேயே இருப்பார்கள், ஆண்கள் கல்யாணம் செய்து அந்த வீட்டுக்கு வருவார்கள், வந்த நாற்பதாம் நாள் கப்பலோ விமானமோ ஏறுவார்கள், பிறகு இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை சோப்பும் பால்மாவும் தூக்கிக்கொண்டு வந்து, தங்கள் பிள்ளைகளிடம் தங்களை அறிமுகப்படுத்திக்கொண்டு, மறுபடி போய்விடுவார்கள். அப்படிப்பட்ட ஊரில் ஒருவர் கல்லுக்குள் போனது, கொஞ்சம் பக்கத்து ஊருக்குப் போன மாதிரிதான் இருந்தது. எதிர்வீட்டு ஹமீதாவின் கணவர் ஹாங்காங்கில் கடை வைத்திருந்தார். ஏழு வருஷத்தில் மூன்று தடவை வந்தவர். அவள் வந்து லென்ஸில் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டாள்.

"கொடுத்து வெச்சவ புள்ள நீ. நெனச்சா எடுத்துப் பார்த்துக்கலாம். எங்க வீட்டு ஆளு அங்க என்ன செய்றாஹன்னு அல்லாவுக்குத்தான் வெளிச்சம். உன் ஆளு எங்க போவாஹ? அந்தப் பாசியத் தாண்டிப் போக முடியுமா?"

செய்னம்பு சிரித்தாள். அழுவதற்கு முன்னால் சிரித்துவிட்டதால் பிறகு அழ வழியில்லாமல் போய்விட்டது.

ஜமாஅத்தில் ஒரு கேள்வி எழுந்தது. கணவர் இல்லையென்று வைத்துக்கொண்டால் அவள் நான்கு மாதமும் பத்து நாளும் இத்தா இருக்க வேண்டும், வாசல் தாண்டக் கூடாது, நகை அணியக் கூடாது. மூன்று வயது மகள் ருக்கையாவை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் திரைக்குப் பின்னால் நின்றாள். காதிர் ஆலிம்சா இரக்க குணம் உள்ளவர். லென்ஸில் பார்த்து, "நடக்கிறார், உட்கார்கிறார், ஆள் உயிரோடு இருக்கிறார், அதுவும் வீட்டோடு இருக்கிறார்" என்று தீர்ப்புச் சொல்லி, அதை ஜமாஅத் பதிவேட்டிலும் எழுதவைத்தார். அந்த எழுத்தை ஆதாரமாக வைத்து ரேஷன் அட்டையிலும் பெயர் நீடித்தது. வாக்காளர் பட்டியல் சரிபார்க்க வந்த பள்ளிக்கூட வாத்தியார் முறைப்படி குனிந்து பார்த்து, "இருக்கார்" என்று சரிக்குறி போட்டுவிட்டு, தேநீர் குடித்துப் போனார். மேளச் சத்தத்தில் மரகதம் தெறித்துவிடும் என்று யாரோ சொன்னதால் அந்தத் தெருவில் கல்யாணங்களுக்கு தஃப் அடிப்பதை நிறுத்தினார்கள். புதுமாப்பிள்ளைகள் செருப்புச் சத்தம் மட்டும் கேட்க ஊர்வலம் போனார்கள்.

கல் வியாபாரிகள் மட்டும் வேறுவிதமாகத் தவித்தார்கள். ஓர் ஆள் உள்ளே இருப்பது குறையா, சிறப்பா என்பதில் அவர்களுக்குள் ஒற்றுமை வரவில்லை. இரண்டு மூன்று பேர் உவைஸிடம் வந்து துண்டை விரித்து உட்கார்ந்தார்கள். அந்த ஊரில் கல்லுக்கு விலை வாயால் பேசுவதில்லை. துண்டுக்குக் கீழே ஒருவர் கையை ஒருவர் பிடித்து விரலால் பேசுவார்கள், சுற்றி நிற்பவர்களுக்கு முகம் மட்டும்தான் தெரியும், முகமோ மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும். செய்னம்புவுக்கும் அந்தப் பாஷை தெரியும். கல்யாணமான முதல் வாரத்தில் போர்வைத் துண்டுக்குக் கீழே அவள் கையைப் பிடித்து சதக்குத்தம்பி சொல்லிக்கொடுத்திருந்தார்: ஒரு விரலைப் பிடித்தால் இது, நான்கையும் சேர்த்துப் பிடித்தால் அது, உள்ளங்கையில் சுரண்டினால் அரை. எதிராளியின் விரல்களை எல்லாம் மடக்கி முஷ்டியாக்கி அதன்மேல் தன் கையை மூடிக்கொண்டால், இது கல்லே இல்லை, கண்ணாடி என்று அர்த்தம். "அதைச் சத்தம்போட்டுச் சொன்னா விற்கிறவன் மானம் போயிடும்ல" என்றார். பிறகு அவள் கையை அப்படி மூடி, "நீ மட்டும் அசல்" என்று பொய்யாக ஒரு முஷ்டி காட்டிச் சிரித்தார்.

கல்லை விற்பதற்கில்லை என்று அவள் சொல்லியனுப்பினாள்.

முதல் கோடையில் தோட்டம் வெளுத்தது. விரிசல்கள் வெள்ளை வெள்ளையாக எழும்பி நின்றன, சதக்குத்தம்பி ஒரு கொடியடியில் வாய் திறந்து படுத்திருந்தார். உவைஸ் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டான்: மரகதத்தின் விரிசலைக் கண்ணுக்குத் தெரியாமல் செய்ய, விற்கிறவர்கள் அதைத் தேவதாரு எண்ணெயில் ஊறவைப்பார்கள், உலகத்தில் விற்கும் மரகதங்களில் அநேகமாக எல்லாமே எண்ணெய் குடித்தவைதான், அந்த எண்ணெய் வருஷப்போக்கில் காய்ந்துவிடும். "குறையே இல்லாத மரகதம்னு எவனாவது கொண்டுவந்தா, அது சோடா பாட்டில்னு வெச்சுக்க லாத்தா" என்று சொல்லியபடி அவன் ஊசிமுனையால் ஒரு துளி விட்டான். துளி விரிசல் வழியே இறங்கியது. உள்ளே சதக்குத்தம்பி எழுந்து உட்கார்ந்து, முகத்தை நிமிர்த்தி, மழையில் நனைகிற சின்னப் பையனைப் போலக் கைகளை விரித்தார்.

அன்றிலிருந்து மாதம் ஒருதுளி. செய்னம்புதான் விடுவாள். துளி விட்டதும் லென்ஸை வைப்பாள், அவர் அண்ணாந்து பார்ப்பார். அவருடைய ஆகாயம் முழுக்க அவளுடைய ஒற்றைக் கண்ணாக இருந்திருக்க வேண்டும். பெருநாளன்று கை தூக்கி ஸலாம் சொல்வார். பிள்ளையைப் பள்ளிக்கூடச் சீருடையில் ஜன்னலோரம் நிறுத்தி, "பாருங்க, உங்க மவ" என்று கல்லைத் திருப்பிப் பிடிப்பாள். ஒருமுறை அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டது மாதிரி இருந்தது. ருக்கையா வளர்ந்தாள். மற்றப் பிள்ளைகள் தகப்பன் போட்டோவைச் சட்டமிட்டு மாட்டியிருந்தார்கள். அவள் தன் தகப்பனை அலமாரியில் பஞ்சுப் பெட்டியில் வைத்திருந்தாள், அவ்வளவுதான் வித்தியாசம் என்று நினைத்தாள்.

எண்ணெய் மழைதான் என்றாலும், பழைய எண்ணெய் மஞ்சளாகும். பதினாறு வருஷ மழை உள்ளேயே தேங்கிப் பழுத்துப்போய், கடைசி இரண்டு வருஷமாகக் கல்லுக்குள் ஒரு மூட்டம். ஆள் தெரிவார், முகம் தெரியாது. பிறகு ஆளும் ஒரு நிழலாகி, நிழல் அசைகிறதா கண் அசைகிறதா என்று சந்தேகமாகிவிட்டது. ஜெய்ப்பூருக்கு அனுப்பிப் பழைய எண்ணெயை இறக்கிப் புது எண்ணெய் ஏற்றலாம் என்றான் உவைஸ்.

"அவுஹளைப் பார்சல்ல அனுப்பிக் கழுவி வாங்கணுமா? பேசாம இரு" என்றாள் செய்னம்பு.

அந்தச் சமயத்தில்தான் ருக்கையாவுக்கு மாப்பிள்ளை அமைந்தது. நல்ல பையன், ஹாங்காங்கில் வேலை, லீவு முடிய இன்னும் ஐம்பது நாள். வெள்ளிக்கிழமை நிக்காஹ் என்று முடிவாகி, அதற்கு நான்கு நாள் இருக்கும்போது, இப்போது நன்றாகக் கிழடாகியிருந்த காதிர் ஆலிம்சா வந்து உட்கார்ந்தார். பெண்ணை மணமுடித்துக் கொடுக்கிற பொறுப்பாளர், ஊர்ப் பாஷையில் வலிகாரர், தகப்பன்தான். அவர் சம்மதம் வேண்டும்.

"ஊர்ல எத்தனை பேருக்கு வாப்பா இல்லாமலே முடிச்சிருக்கு, ஆலிம்சா" என்றாள் செய்னம்பு திரைக்குப் பின்னாலிருந்து.

"முடிச்சிருக்கு. ஹாங்காங்ல இருந்தா கடிதம் வரும், போன் வரும். ஒண்ணுமே வராத தூரத்துல இருந்தா நானே வலிகாரரா நின்னு முடிச்சு வைப்பேன், அதுக்குச் சட்டம் இருக்கு. எத்தனை மைல் தூரம்னு கணக்கே இருக்கு. உங்க வீட்டுக்காரர் அலமாரியில இருக்கார். அலமாரி எத்தனை மைல் தாயே?"

வீட்டோடு இருக்கிறார் என்று பதிவேட்டில் எழுதியது அவருடைய கையெழுத்துத்தான்.

"அப்ப என்ன செய்யணும்?"

"ஒண்ணுமில்ல. நான் பார்க்கிறேன், பொண்ணு முன்னால நிக்கட்டும், நீங்க கேளுங்க. அவர் தலையசைக்கணும். அது என் கண்ணுக்குத் தெரியணும்." லென்ஸை வாங்கிப் பார்த்தார். "இப்ப எனக்கு மோர்தான் தெரியுது."

உவைஸ் பாங்காக்கில் இருந்தான், வெள்ளி காலைதான் வருவான். ஜெய்ப்பூருக்கு நேரமில்லை. தோணிப்பட்டினத்தில் கல்யாணத்துக்கு முந்தின நாள் மணமகளின் நகைகளை எல்லாம் பூந்திக்கொட்டை கொதித்த தண்ணீரில் போட்டு அலசி எடுப்பார்கள். தங்கம் அன்று வார்த்த மாதிரி வெளியே வரும். மரகதத்தைக் கொதிக்கிற தண்ணீரில் போடக் கூடாது என்பது கல் வியாபாரி பெண்டாட்டிக்குத் தெரியும். சூடுதான் ஆகாது என்று அவளுக்குத் தெரியும், அவ்வளவுதான் அவளுக்குத் தெரியும். ஆகவே அவள் தண்ணீரைப் பிள்ளையைக் குளிப்பாட்டுகிற பதத்துக்கு ஆறவைத்து, முழங்கையை விட்டுப் பார்த்து, பிஸ்மில்லாஹ் சொல்லி, கல்லை உள்ளங்கையில் வைத்தபடி நுரைக்குள் இறக்கினாள். மூன்று முறை முக்கியெடுத்தாள். மூன்றாம் முறை தண்ணீரின்மேல் மெல்லிய மஞ்சள் படலம் ஒன்று மிதந்து வந்து ஓரத்தில் ஒதுங்கியது.

"உம்மா!" என்றாள் ருக்கையா லென்ஸோடு. "வாப்பா தெரியுறாஹ! முடியெல்லாம் நரைச்சிடுச்சு உம்மா, பனியன்ல பொத்தல்கூடத் தெரியுது!"

செய்னம்பு பார்த்தாள். இரண்டு வருஷத்துக்குப் பிறகு அந்த முகம், அன்று ஜன்னலோரம் பார்த்ததைவிடத் துலக்கமாக. அவர் சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டிருந்தார், வீட்டில் யாரோ விளக்கைப் போட்ட மாதிரி. அவள் ஆலிம்சாவுக்கு ஆளனுப்பினாள்.

அஸருக்குப் பிறகு ஆலிம்சா வந்தார். வடக்கு ஜன்னலோரம் ருக்கையா மருதாணிக் கைகளோடு நின்றாள். செய்னம்பு கல்லின் பக்கம் குனிந்து, பதினாறு வருஷத்தில் அவரிடம் உரக்கக் கேட்ட ஒரே கேள்வியைக் கேட்டாள்:

"உங்க மவளுக்கு நாளைக்கு நிக்காஹ். சம்மதம்தானே?"

ஆலிம்சா லென்ஸில் கண்ணை வைத்து மூச்சடக்கி உட்கார்ந்திருந்தார். பிறகு அவர் தாடி மலர்ந்தது. "அல்ஹம்துலில்லாஹ். தலையைக் குனிஞ்சார். நல்லா, நிதானமா, முழு மனசோட குனிஞ்சார்."

லென்ஸை வைத்துவிட்டு அவர் துஆ ஓதினார். பெண்கள் குலவையிட்டார்கள், ஹமீதா எல்லோர் வாயிலும் சர்க்கரை போட்டாள். தலையசைப்பு என்பது இரண்டு அசைவு, இறங்கிய தலை மறுபடி ஏற வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். மகிழ்ச்சியான ஒரு வீட்டில் இரண்டாவது அசைவுக்கு யார் காத்திருப்பார்கள்? கூட்டம் கலைந்தபின் செய்னம்பு லென்ஸை எடுத்தாள். சதக்குத்தம்பி கொடியடியில் உட்கார்ந்திருந்தார். தலை மார்பின்மேல் கிடந்தது. அவரைச் சுற்றி விரிசல்கள் வெள்ளை வெள்ளையாக எழும்பிக்கொண்டிருந்தன.

அவள் எண்ணெய்ப் புட்டியை எடுத்து ஒரு துளி விட்டாள், இரண்டு விட்டாள், பிறகு பேசாமல் கல்லையே புட்டிக்குள் போட்டாள். பூந்திக்கொட்டை நுரை உட்கார்ந்த இடத்தில் எண்ணெய் ஏறவில்லை. நிக்காஹ் நடந்துகொண்டிருந்தபோது மாடியில் தோட்டம் ஓர் ஓரத்திலிருந்து மறைந்துகொண்டிருந்தது, பள்ளிவாசலில் தொழுகை முடிந்து ஒவ்வொரு விளக்காக அணைப்பார்களே, அதைப்போல. பாசி போயிற்று, கொடி போயிற்று, வெள்ளை விரிசல்களும் ஒவ்வொன்றாகக் கூடி மூடிக்கொண்டன. ஞாயிற்றுக்கிழமை, மாப்பிள்ளை வீட்டு விருந்துச் சத்தம் கீழே கேட்க, அவள் பார்த்தபோது, உள்ளே பச்சை மட்டும் இருந்தது. அப்பழுக்கில்லாத பச்சை.

அவள் சொல்லியிருக்கலாம். யாரிடம் என்ன சொல்வது? அந்தத் தலை எப்போது விழுந்தது, கேள்விக்கு முன்னாலா பின்னாலா, அல்லது கேள்வியிலேயேவா என்று ஆலிம்சா கேட்பார். முன்னால் என்றால் சம்மதம் சொன்னது மையித்து, உயிர் போன உடல். தகப்பன் இல்லையென்றால் வலிகாரராக நின்றிருக்க வேண்டியது சதக்குத்தம்பியின் அண்ணன். நடந்த நிக்காஹ் நிக்காஹ்தானா என்று ஜமாஅத் உட்காரும். ருக்கையா புதுச் சேலையில் மாப்பிள்ளைக்குப் பரிமாறிக்கொண்டிருந்தாள். செய்னம்பு பஞ்சுப் பெட்டியை மூடினாள். கைவளையலைக் கழற்றி அலமாரியில் போட்டாள். மறுநாள் காலை, முழங்கால் வலி, இனிக் கொஞ்ச நாள் வாசல் தாண்ட முடியாது என்று எல்லோரிடமும் சொன்னாள்.

"மவ கல்யாணத்துல ஓடியாடினதுதான்" என்று ஹமீதா தைலம் கொண்டுவந்து தேய்த்தாள். தேய்க்க முழங்காலைக் கொடுத்துக்கொண்டு செய்னம்பு மனசுக்குள் நாட்களை எண்ணினாள்: மூன்று, நான்கு.

கல்யாணச் சந்தடியில் விட்டதைச் சேர்த்து உவைஸ் பத்தாம் நாள் உட்கார்ந்து பார்த்தான். புதுமாப்பிள்ளை பக்கத்தில் இருந்தான், ருக்கையா இருந்தாள், ஹமீதாவும் அவள் மருமகளும் இருந்தார்கள். உவைஸ் வெகுநேரம் லென்ஸை எடுக்கவில்லை. கல்லைத் திருப்பினான், சாய்த்தான், மூச்சு விட்டுத் துடைத்துப் பார்த்தான். அவன் காது சிவந்தது. பிறகு லென்ஸை மடக்கிவிட்டு, தோளில் கிடந்த துண்டை எடுத்து வியர்வை துடைக்கிறவன் போல மடியில் போட்டுக்கொண்டு, அதன் கீழே லாத்தாவின் கையைப் பிடித்தான்.

"மச்சான் சொகமா இருக்காஹ" என்றான் எல்லோரையும் பார்த்து. "முன்னயவிட நல்லா இருக்காஹ. வெயில்தான் இந்த வருஷம் ஓவர், என்ன மாப்பிள்ள?"

துண்டுக்குக் கீழே அவன் அவளுடைய விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினான். ஐந்தும் மடங்கி முஷ்டியானதும் அதன்மேல் தன் கையை மூடினான். அவளும் முகத்தை அசைக்கவில்லை. "ஆமா, வெயில் ஓவர்தான்" என்றாள்.

நாற்பதாம் நாள் மாப்பிள்ளை விமானம் ஏறினான். ருக்கையா ஒரு நாள் அழுதாள், மறுநாள் தெளிந்தாள். "எனக்கென்ன உம்மா, வாப்பா இருக்காஹல்ல, தனியா இருக்குற மாதிரியே இல்ல" என்று பெட்டியை எடுத்துக்கொண்டு வடக்கு ஜன்னலுக்குப் போனாள். செய்னம்பு பின்னாலேயே போய் நின்றாள். "சிரிக்கிறாஹ" என்றாள் ருக்கையா. அந்த வீட்டுக்கு வந்து குனிந்த எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அப்பழுக்கில்லாத கல்லில் பார்க்கிறவர்களின் இமைமுடி நிழலாடும் என்று சதக்குத்தம்பி இருந்தால் சொல்லியிருப்பார். ஒருத்தி மரத்தடியில் பார்த்தாள், ஒருத்தி தொழுகையில் பார்த்தாள். வாத்தியார் மறுபடி வந்து சரிக்குறி போட்டுப் போனார்.

நான்கு மாதமும் பத்து நாளும் முடிந்த அன்று செய்னம்பு தலைக்குக் குளித்தாள், வளையலைத் திரும்பப் போட்டாள், வாசலைத் தாண்டித் தெருவில் நான்கு அடி நடந்து திரும்பினாள்.

"முட்டி சரியாயிடுச்சா?" என்று கூப்பிட்டுக்கொண்டே ஹமீதா வந்தாள். அவள் கணவர் இந்தத் தடவையும் வரவில்லையாம். வழக்கம்போல மாடிக்கு ஏறி, லென்ஸை வைத்துப் பார்த்து, வழக்கம்போலப் பெருமூச்சு விட்டாள்.

"கையாட்டுறாஹ புள்ள. கொடுத்து வெச்சவ நீ."

அன்று எண்ணெய் விடுகிற நாள். ஹமீதா பார்த்துக்கொண்டிருந்ததால் செய்னம்பு புட்டியைத் திறந்து, ஊசிமுனையில் ஒரு துளி எடுத்து, கல்லின்மேல் வைத்தாள். இறங்குவதற்கு விரிசல் இல்லை. துளி அப்படியே உருண்டு திரண்டு மேலே நின்றது. ஹமீதா கீழே இறங்கிப் போகும்வரை காத்திருந்து, அவள் அதைத் முந்தானையால் துடைத்துவிட்டுப் பெட்டியை மூடினாள்.